கையெழுத்துக்காரிகளின் படகு

படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை.

"ரெண்டே பேரும்மா. சும்மா ஏறி உக்காந்தா போதும். வசனம்கூட கிடையாது," என்று டைரக்டர் கிளெயாந்திஸ் கெஞ்சிக்கொண்டிருந்தான். நாங்கள் கறுப்பு முக்காட்டுக் கிழவிகள், ஒருத்தியும் அசையவில்லை. காலையில்தான் எங்களை வோலோஸ் ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசாங்கம் இங்கே அடைத்து வைத்திருந்த பெண்களைப் பற்றி டிவியில் ஒரு நாடகம் வரப்போகிறது. முன்வரிசைக்கு ஏதென்ஸ் நடிகைகள், பின்னால் கூட்டம் காட்ட நாங்கள். எங்களில் பாதிப் பேர் நடிக்கவே வேண்டாம், நிஜமாகவே இங்கே கூடாரத்தில் கிடந்தவர்கள்தான்.

அந்தப் படகு என்ன படகு என்பது எங்களுக்குத் தெரியும். 'நான் செய்தது தப்பு, இனி கம்யூனிஸ்டுகளோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளை ஊர்க் கோயிலில் பாதிரியார் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். போட்டவளுக்குக் கையெழுத்துக்காரி என்று பெயர், சாகும்வரை அதுதான் பெயர். கையெழுத்துக்காரிகள் போகும் படகில் நடிப்புக்கு உட்காரக்கூட மற்றவர்களுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கிளெயாந்திஸுக்கு இது எங்கே புரியப்போகிறது? கிழவிகளுக்குக் கடல் பயம் என்று நினைத்து, மிதவைச் சட்டை எடுத்துவரச் சொன்னான்.

"நான் ஏறுறேன் தம்பி," என்றேன். "எனக்கு வழி தெரியும்."

பின்னால் யாரோ இருமினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருத்தி கிடைக்காததால் கிளெயாந்திஸ் என் ஒருத்தியோடு திருப்திப்பட்டுக்கொண்டான்.

ஆமாம், நான் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, ஒளிவும் இல்லை. என் மகன் ஸ்தாத்திஸுக்கு அப்போது இரண்டு வயது. என்னோடு கூடாரத்தில் இருந்தான். காய்ச்சலில் கண் செருகி, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் கிடந்தான். கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரி, போடாவிட்டால் மலைச்சரிவில் ஒரு சின்னக் குழி. ஏற்கனவே அங்கே குழிகள் இருந்தன. போட்டேன். பிள்ளை பிழைத்தான், இன்றைக்கு லாரி ஓட்டுகிறான், என்னைவிட இரண்டு மடங்கு கனம் இருக்கிறான்.

எனக்கு ஆறாதது வேறொன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் படகில் உட்கார்ந்ததும், துறையில் நின்ற அத்தனை பெண்களும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஒரே கூடாரத்தில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். 'திரும்புங்க' என்று குரல் கொடுத்தவள் கரூஃபாலியா. அந்த முதுகு வோலோஸ் வரை வந்தது. அவளும் நானும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். முப்பத்தைந்து வருஷமாக ரொட்டிக் கடையில், கோயிலில், என் வீட்டுக்காரர் சாவில்கூட எனக்கு அவளிடமிருந்து ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. அவள் பேசவில்லை என்பதால் மற்றவர்களும் பேசவில்லை.

இதை நான் ஸ்தாத்திஸிடம் சொன்னதில்லை. 'உனக்காகத்தான் பட்டேன்' என்று ஒரு பிள்ளையின் தலையில் எப்படி ஏற்றுவது? அவன் என்ன நினைத்திருக்கிறான் தெரியுமா? அம்மாவுக்கு வாய் நீளம், அதனால் ஊரே பகை என்று நினைத்திருக்கிறான். மருமகளிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். இந்த நாடகத்தைப் பார்க்கப் புது டிவி வாங்கியிருக்கிறார்கள். நடந்ததை அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் இந்த வயதில் முக்காட்டை இழுத்துக்கட்டிக்கொண்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது என் எண்ணத்தில் மண் விழுந்தது. பீன்ஸ் சூப்பையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு, கிளெயாந்திஸ் காட்சியை எல்லோருக்கும் விளக்கினான். படகு கிளம்பும். தாயாக நடிக்கும் டனாயி பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுவாள். கரையில் பெண்கள் முக்காட்டைக் கழற்றி ஆட்டி, பாட்டுப் பாடி வழியனுப்புவார்கள்.

எனக்குச் சூப் புரையேறிவிட்டது. "யாரு ஆட்டினா முக்காட்ட?" என்றேன்.

"உங்க சங்கத்துல கேட்டுத்தான்மா எழுதினோம். தலைவியம்மாவே சொன்னாங்க."

தலைவியம்மா வேறு யார்? கரூஃபாலியாதான். பழைய கைதிகள் சங்கத்துக்கு அவள் தலைவி. ஆலிவ் கொட்டையை மெதுவாகத் துப்பித் தட்டில் வைத்தாள். நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன தலைவியம்மா, அன்னைக்கு முக்காடு ஆட்டினியாமே? எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, தெரியவே இல்லையே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு கிழவி தியோபிஸ்தியிடம் சொன்னாள்: "இத நாடு முழுக்க பாக்கும். நம்ம பேரன் பேத்தி பாக்கும். நாம எப்படி ஒத்துமையா இருந்தோம்னு தெரியணும். அதுக்குத்தான் நாடகம். வீட்டுச் சண்டையத் தெருவுல காயப்போட இல்ல. இத அவகிட்ட சொல்லு."

"அவகிட்ட சொல்றதாம்," என்று தியோபிஸ்தி முனகினாள். "ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கா, தந்தி குடுக்கவா?"

"நீயும் சொல்லு அவகிட்ட," என்றேன் நான். "இந்த நாடகத்த என் மகனும் பாப்பான். இவ்வளவு பாசமா வழியனுப்பியிருக்காங்களே, உன் வாயாலதானேம்மா எல்லாம் கெட்டுதுன்னு கேப்பான். எனக்கு இவ பாட்டும் வேணாம், முக்காடும் வேணாம். செஞ்சத செஞ்ச மாதிரி காட்டச் சொல்லு."

கரூஃபாலியா எழுந்து போய்விட்டாள். அப்போதும் நான் பார்த்தது அவள் முதுகைத்தான். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சரி, உனக்கு முதுகு இருக்கிற மாதிரி எனக்கும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சி தொடங்கியது. படகு நகர்ந்தது. டனாயி நன்றாகவே அழுதாள், பாவம். கரையில் முக்காடுகள் பறந்தன, பாட்டு எழும்பியது. நான் எழுந்து, கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என் அகன்ற முதுகு டனாயியின் தோளுக்குப் பக்கத்தில் காமிராவை முழுசாக அடைத்திருக்கும்.

"கட். அம்மா, கரையப் பாருங்கம்மா."

"சரிப்பா."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பினேன். படகோட்டி சிரித்துவிட்டான். கிளெயாந்திஸ் காற்சட்டை நனையத் தண்ணீருக்குள் இறங்கி வந்தான். "வெளிச்சம் போயிட்டிருக்கும்மா. இன்னைக்கு விட்டா படகு கிடையாது. ஏன் இப்படிப் பண்றீங்க?"

"முக்காடு ஆட்டுறதுக்கு நான் மூஞ்சி காட்ட மாட்டேன். அது நடக்கல. நான் இந்தப் படகுல போனவ. அத்தன பேரும் முதுகக் காட்டினாங்க. அத எடு, அசையாம உக்காந்திருக்கேன். இல்லன்னா என்னத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு எடு."

அவன் நிஜமாகவே அப்போதுதான் என்னைப் பார்த்தான். பிறகு கரைக்குத் திரும்பி, "தலைவியம்மா, இவங்க சொல்றது உண்மையா?" என்று கேட்டான்.

நடிகைகள்கூட அவளையே பார்த்தார்கள். இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் தலையாட்டிவிடுவார்கள், நான் பைத்தியக்காரியாகிவிடுவேன். சுட்டுக் கொல்லப்பட்ட தம்பியின் நினைவுக்காகக் கையெழுத்துப் போடாமல் வருஷக்கணக்கில் இங்கே கிடந்தவள் அவள். அவள் வார்த்தைக்கு எடை உண்டு, அதை நானும் மறுக்க மாட்டேன்.

"உண்மைதான்," என்றாள் கரூஃபாலியா. "நான்தான் திரும்பச் சொன்னேன். திரும்பலன்னா இன்னும் பத்துப் பேரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. கூடாரம் காலியாயிருக்கும்." கையிலிருந்த முக்காட்டை மடித்துக்கொண்டே, "அப்படித்தான் அன்னைக்கு நெனச்சேன்," என்றாள்.

கிளெயாந்திஸின் கண் மின்னியது. அவனுக்குப் பாட்டைவிட நல்ல காட்சி கிடைத்துவிட்டது. ஆனால் கிழவிகள் முரண்டு பிடித்தார்கள். "வேணாம்ப்பா, எங்களால ஆகாது. பேரப்புள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று தியோபிஸ்தி கையைப் பிசைந்தாள்.

நான் படகிலிருந்தே கத்தினேன். "அன்னைக்கு ஆச்சுல்ல? இன்னைக்கும் ஆகும். திரும்புங்கடி. நீங்க பட்டதும் வரட்டும், நான் பட்டதும் வரட்டும். பாதியக் காட்டிட்டு முழுசுன்னு சொல்லாதீங்க."

மூன்றாவது முறை படகு நகர்ந்தது. கரையில் இப்போது பாட்டு இல்லை. கரூஃபாலியாவின் குரல் வந்தது, வயதாகி உடைந்த குரல், ஆனால் அதே சொல்: "திரும்புங்க."

திரும்பினார்கள். முதலில் கிழவிகள், பிறகு அவர்களைப் பார்த்து நடிகைகள். வரிசையாகக் கறுப்பு முதுகுகள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இந்தத் தடவை என் மடியில் பிள்ளை இல்லை, பயமும் இல்லை. அதனால் முழுதாகப் பார்க்க முடிந்தது. வலித்தது, சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது.

"கட். அருமை. முடிஞ்சுது, எல்லாரும் வரலாம்."

நடிகைகள் கலைந்தார்கள், விளக்குக்காரர்கள் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். கிழவிகள் மட்டும் திரும்பவில்லை. அப்படியே மலையைப் பார்த்து நின்றார்கள். படகோட்டி என்னைக் கை பிடித்து இறக்கிவிட்டான். நனைந்த பாவாடையோடு சரளைக் கல்லில் நடந்து, கரூஃபாலியாவின் பின்னால் போய் நின்றேன்.

"முடிஞ்சுது. திரும்பு," என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்புறது?"

"இருக்குற மூஞ்சியோடதான். இனிமே புதுசா ஒண்ணு வாங்கவா முடியும்?"

திரும்பினாள். இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது, எவ்வளவு கிழவியாகிவிட்டாள். எதிர்த் தெருமுனையில் என் மகன் லாரியைக் கழுவுவதை அவள் வாரா வாரம் பார்க்கிறவள்தான். இருந்தும் என் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா அசிமினா?"

"விட்டுச்சு," என்றேன். "வோலோஸ் போனதும் விட்டுச்சு."