ஒரு நெடில் தள்ளிப்போனது

1

இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. தன்னை கேப்டன் யூசுஃப் என்று சொல்லிக்கொள்ளும் இஸ்ரேலிய அதிகாரி என்னிடம் ஒரே ஒரு வரி கேட்டார். வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் வேண்டும் என்றார். அந்த வரி வர மறுக்கிறது. அதன் இடத்தில் இது வந்துகொண்டிருக்கிறது. இன்று வியாழன். மணி ஒன்பதே கால்.

நான் பூச்சு வேலைக்காரன். ஹெப்ரானுக்குத் தெற்கே கிராமம். பதினேழு வருடமாகச் சோதனைச்சாவடி தாண்டிப் போய் யூதர்களின் வீட்டுச் சுவர்களைப் பூசிவருகிறேன். எழுத்து கற்றது ஐம்பதாவது வயதில். வாக்கியங்களில் பூச்சுக் கரணையின் தடம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இரத்தம் தோய்ந்த அந்தப் புனித மண்ணிலே ஒரு விடியலில்—"

(வேண்டாம். இப்படி எழுதுகிறவர்கள் விடியலில் சாவடி வரிசையில் நின்றதில்லை.)

அடுத்து கட்டுரை போல: "தூண்டுதல் என்பது யாதெனில்—"

யாதெனில், எதிராளி பேசுவது. நாம் பேசுவதற்கு உணர்ச்சி என்று பெயர். எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் இதற்கென்றே அலுவலகம் வைத்து, ஆள் போட்டு, அடுத்தவன் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். தன் வாயைப் பார்த்துக்கொள்ள ஒரு பியூனைக்கூட யாரும் நியமித்ததில்லை.

3

நடந்தது இதுதான். என் அண்ணன் மகள் ருபாவுக்கு நிக்காஹ். இரண்டு சாட்சிகள் வேண்டும். இதற்கு முன் இரண்டு நிக்காஹ்களில் கட்டைவிரலை மையில் தோய்த்திருக்கிறேன். இம்முறை பேனா. அந்தப் பெருமையில் முந்தின நாள் பேஸ்புக்கில் என் கையாலேயே எழுதினேன்:

"நாளை காலை பத்து மணிக்கு நான் சாட்சி, இறைவன் நாடினால். என் தாய் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்."

அரபியில் சாட்சி என்றால் ஷாஹித். முதலெழுத்து நீளும். என் நெடில் ஓரெழுத்து தள்ளி விழுந்து ஷஹீத் ஆகிவிட்டது. ஷஹீத் என்றால் உயிர்த்தியாகி.

இப்போது அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். நேரம் குறித்திருக்கிறேன். தாயையும் சேர்த்திருக்கிறேன்.*

(* பிழை திருத்த ஆள் இல்லாதது என் குறை. படிக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.)

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பத்தேகாலுக்கு ஜீப்புகள் வந்தன. என் மனைவி மைமூனா, சிப்பாய்கள் காதில் விழும்படியே சொன்னாள்: "இந்த வயசுல எழுத்து எதுக்குன்னு கேட்டேன்ல? பாரு, ஒரு பட்டாளத்தையே படிக்க வச்சுட்ட."

4

மூன்று நாள் உள்ளே. நான்காம் நாள் கேப்டன் யூசுஃப் காபி கொடுத்தார். அவர் அரபி என்னுடையதைவிடச் சுத்தம்.

"எழுத்துப் பிழைன்னு சொல்ற, அபு வதீ."

"ஆமா சார்."

"நம்புறேன். உன் அண்ணன் மக கல்யாணப் பத்திரத்தையும் பார்த்தேன். ஆனா நானூத்திப் பன்னெண்டு பேர் லைக் போட்டிருக்கான். அவன்லாம் நிக்காஹ்வுக்கா போட்டான்?"

நான் காபியை ஒரு வாய் குடித்தேன்.

"அதனால ஒரு வரி எழுதிப் போடு. 'நான் எழுதியது தூண்டுதல், அதைக் கண்டிக்கிறேன்.' வேலை அனுமதி திரும்ப வந்துடும்."

"நான் தூண்டலையே சார். நான் சாட்சின்னு திருத்திப் போடட்டுமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எதுக்குச் சாட்சி?"

"நிக்காஹ்வுக்கு."

"படிக்கிறவனுக்கு அது தெரியுமா? அபு வதீ சாட்சியாம், அப்படி என்னத்தப் பார்த்தான்னு கேட்பான். அந்தச் சொல் இன்னும் மோசம். வேணாம்."

போன வருடம் அவர்கள் ஊரில் ஒரு பள்ளிச் சுவரில் "அரபிகளுக்குச் சாவு" என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்ததை அவரிடம் சொன்னேன். அதன் மேல் பூசியது நான்தான். இரண்டு கோட் தேவைப்பட்டது.

"யாரோ விடலைப் பசங்க" என்றார்.

5

வீடு திரும்பினால் என் முகம் சுவரொட்டியில். பின்னால் துப்பாக்கி. நான் வாழ்நாளில் பிடித்த குழல், சுவர் மட்டம் பார்க்கும் மட்டக்குழல் ஒன்றுதான்.

ஒட்டியவன் முஃதஸிம். ஊர் இயக்கத்தின் பொறுப்பாளன், முப்பது வயது.

"மாமா, ஊரே உங்களால நிமிர்ந்து நிக்குது."

"டேய், அது பிழைடா."

"வெளிய சொல்லாதீங்க. மறுத்து ஒரு வரி போட்டீங்கன்னா, அவங்ககிட்ட விலை போயிட்டீங்கன்னுதான் பேசுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ஜனங்க சொல்லும்."

"உன் தம்பி எங்க?"

"ஜெர்மனில படிக்கிறான்."

"அவன் படத்த ஒட்டேன்."

சிரித்தான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

6

இந்தக் கதையில் நிஸ்ஸிமை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் காண்ட்ராக்டர், யூதன். தாய் பாக்தாத்காரி, வைவது முழுக்க அரபியில்தான். நல்லவனாக எழுதினால் எங்கள் ஆட்களுக்குக் கசக்கும், கெட்டவனாக எழுதினால் பொய்யாகும். அவன் போனில் பேசியதை அப்படியே வைக்கிறேன்.

"உன் வரிய நான் மூணு மணி நேரம் நம்பினேன், அபு வதீ."

"என்னையா?"

"சைட்டுக்கு யாரையும் வராதேன்னுட்டேன். என் அக்கா மகன் பஸ்ல குண்டு வெடிச்சுப் போனது உனக்குத் தெரியும். துக்கத்துக்கு நீயும் வந்த. இருந்தும் நம்பினேன்."

"ஒரே தட்டுல பதினேழு வருஷம் சாப்பிட்டிருக்கோம்."

"அதான். அதுக்காகவாவது மூணு நிமிஷத்தோட நிறுத்தியிருக்கணும்."



7

இப்போது நான் சந்தேகப்படும் கதாபாத்திரம் ஒன்றுதான்: என் கை.

முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்ற நாளிலிருந்து தெருச் சுவர்களை வாசித்துக்கொண்டே நடப்பேன். ஷஹீத் இன்னார், ஷஹீத் அன்னார்; கடை ஷட்டரில், தண்ணீர்த் தொட்டியில், எங்கும். ஷாஹித் என்ற சொல்லை எங்கள் ஊரில் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. கண் பழகியதைத்தானே கை எழுதும். ஆகவே கேப்டன் சொன்னது சரி, இதில் தூண்டுதல் இருக்கிறது. தூண்டப்பட்டவன் நான் என்பதுதான்—

(இந்த வாக்கியம் முஃதஸிமுக்கும் பிடிக்காது, கேப்டனுக்கும் பிடிக்காது. பாதியில் நிற்கட்டும்.)

8

மணி பதினொன்றரை. முடிவுகள்:

அ) கேப்டனின் வரியை எழுதுகிறேன். அனுமதி வருகிறது. ஞாயிறு வேலைக்குப் போகிறேன். திங்கள் என் வீட்டுக் கதவில் "துரோகி" என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லில் யாருக்கும் பிழை வருவதில்லை.

ஆ) எழுதாமல் விடுகிறேன். நான் வீரன். மைமூனா வீரனுக்கு எதைச் சமைப்பாள்?

இ) "நான் சாட்சி" என்று நெடிலைச் சரியாகப் போட்டு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் வந்து கேட்கும், எதைப் பார்த்தாய் என்று. இந்த முடிவுதான் உண்மை. எனக்குப் பயமாக இருப்பதும் இதுதான்.

பக்கத்தில் மைமூனா. "எழுதிட்டியா?"

"கடைசி வரி பாக்கி."

"ஒரு வரிக்கு எட்டுத் தாளா?"

மணி பதினொன்று ஐம்பது. நீங்கள் சின்ன வயதிலேயே படித்தவர்கள், பிழை வராது. கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதுங்கள், அப்படியே படியெடுத்து அனுப்பிவிடுகிறேன். அடியில் உங்கள் பெயரும் ஊரும் போட மறக்காதீர்கள்.

..............................................