அக்கட்டால நின்ன ஆக்சிஜன்

தலைமையாசிரியர் அறையில் அன்று இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் பள்ளித் தாளாளர் அழகிரிசாமி. அது தலைமையாசிரியரின் நாற்காலி; தாளாளர் வந்துவிட்டால் அவர் பக்கத்து மர நாற்காலிக்கு நகர்ந்துகொள்வார். மேசைக்கு இந்தப் பக்கம், மின்விசிறிக்கு நேர்கீழே, என் கணவரின் அண்ணன் சுப்பண்ணன்; எனக்கு மச்சாண்டார். அவருக்கு வலப்புறம் அவர் மகன் நிதீஷ், இடப்புறம் என் கணவர் கதிரேசன். சுவரோர பெஞ்சில் உமர் பாரூக். மேட்டுப்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவரை ஒட்டி அவர் மகன் சாஜித், இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவுக்கட்டு. கதவருகே ஒரு ஸ்டூலில் வேதியியல் ஆசிரியை தேஜா.

நானும் என் மகள் நித்யஸ்ரீயும் இரும்பு பீரோவை ஒட்டி நின்றோம். மச்சாண்டார் எதிரில் உட்காருவதும் அவரிடம் நேரில் பேசுவதும் எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமில்லை. என் கைப்பையில் வெள்ளைத்தாளும் பேனாவும் நீளமான உறையும் இருந்தன. அவற்றை எடுத்துவரச் சொன்னவரும் மச்சாண்டார்தான். மின்வாரியத்துக்கு, தாலுகா ஆபீசுக்கு, பேங்குக்கு என்று எங்கள் குடும்பத்திலிருந்து போகிற மனுக்கள் எல்லாம் நான் எழுதுபவை. நான் படித்த அன்னூர்ப் பள்ளியில் கடிதப் பாடத்துக்குத் தமிழாசிரியர் போட்டுவைத்த வரிசையை நான் இன்றைக்கும் மாற்றுவதில்லை. இடம், ஆட்கள், நடந்தது, கோருவது.

அன்று என்னை எழுதச் சொன்னது, சாஜித் என் மகளிடம் தவறாக நடந்துகொண்டான் என்று போக்சோ புகார். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாரோ மச்சாண்டாருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நடந்தது இதுதான்.

வேதியியலில் பிணைப்புப் பாடம் நடத்தும்போது இணைதிறனைக் கை என்று சொல்வது எங்கள் காலத்திலேயே உண்டு. ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, கார்பனுக்கு நாலு கை. கை காலியாக இருந்தால் அணுவுக்கு நிம்மதி இல்லை. இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் வரைந்ததோடு நிறுத்திக்கொண்டார். தேஜா பிள்ளைகளையே அணுக்களாக நிற்க வைத்தார். தண்ணீருக்கு ஆக்சிஜன் நடுவில் நிற்க, ஹைட்ரஜன்கள் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு இருபுறமும் சற்று வளைந்து நின்றார்களாம். அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. ஓர் ஆளுக்கு நாலு கை கிடையாது. அதனால் நித்யஸ்ரீயையும் அவள் தோழி ஃபஹீமாவையும் முதுகோடு முதுகு சேர்த்து, இடுப்பில் துப்பட்டாவால் கட்டி, கார்பன் ஆக்கியிருக்கிறார். இரண்டு ஓரத்திலும் ஒவ்வோர் ஆக்சிஜன், எதிரே நிற்பவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. இரட்டைப் பிணைப்பு. வளையாமல் நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதால் தேஜா ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாராம். நித்யஸ்ரீ வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் ஜன்னல் வழியாக அதைப் படம் எடுத்திருக்கிறார். நடுவில் ஒரு தூண். படத்தில் விழுந்தது பாதிதான்: நித்யஸ்ரீ, அவள் எதிரே சாஜித், கோத்த நான்கு கைகள். மறுநாள் அது எங்கள் பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் கணவர் ஓட்டினார். முன்னால் மச்சாண்டார், பின்னால் நிதீஷும் நானும். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டிச் சந்துக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னார் மச்சாண்டார்.

"அந்தப் பையன் டியூசன் முடிஞ்சு இப்படித்தான் வருவான். ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போலாம்."

சாஜித் சைக்கிளில் வந்தான். மச்சாண்டார் இறங்கி வெளியிலிருந்து பின்கதவைத் திறந்துவிட்டார். நிதீஷ் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்ததில் சாஜித் சைக்கிளோடு சேர்ந்து கீழே விழுந்தான். எழுவதற்குள் மச்சாண்டார் அவன் நெஞ்சில் காலை வைத்துவிட்டார். பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார்.

"எங்க ஊட்டுப் புள்ளைய எந்தக் கைல டா புடிச்ச?"

அந்தப் பையன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது வகுப்பில் கேட்கிற கேள்வி மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"ரெண்டு கைலயுந்தானுங்க. அது இரட்டைப் பிணைப்புங்க, மிஸ்ஸுதான்..."

"ரெண்டு கையுமாம்ப்பா" என்றான் நிதீஷ். டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்துவந்தான்.

சாக்கடை ஓரத்துக் கல்லின்மேல் வலது கையை இழுத்து வைத்தார்கள். முதல் அடியில் சாஜித் போட்ட சத்தத்துக்கு எதிர் மண்டியில் பாக்கு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கினார்கள். இடது கைக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. எலும்பு உடைகிற ஓசை கார் கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

நான் கதவை இழுத்தேன். பின்கதவுக்கு உள்ளிருந்து பிள்ளைகள் திறக்காமலிருக்கப் போட்ட பூட்டு இருந்தது.

"ஏனுங்க, கதவத் தொறங்க! அந்தப் பையனக் கொன்னுபோடுவாங்க. ஏனுங்க!"

என் கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுக்கவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமைதான் தலைமையாசிரியர் அறையில் கூடினோம்.

தாளாளர் இனிமையாகவே ஆரம்பித்தார். "பாய், பையன் வண்டில இருந்து உழுந்துட்டான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. டி.சி.ய வாங்கிக்குங்க. சுப்பண்ணனும் இதோட உட்டுர்றேங்கறாரு. ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

"பாதி வருசத்துல எந்த ஸ்கூல்லங்க சேத்துக்குவாங்க?" என்றார் உமர் பாரூக்.

"கேஸ் ஆச்சுன்னா ஸ்கூலே தேவப்படாதுங்கொ, பாய்" என்றார் மச்சாண்டார். "அம்மணி தாளோட வந்து நிக்குது பாருங்க. அது எழுதுச்சுன்னா எந்த ஆபீசுலயும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

சாஜித் மெதுவாகச் சொன்னான். "எழுதாதீங்க அத்தா. நான் வண்டில இருந்து உழல."

"சும்மா இரு தம்பி. உள்ள கொண்டுபோயிட்டாங்கன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?" உமர் பாரூக் தாளாளர் நீட்டிய தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். தாளின் மேல்மூலையில் தேதியைப் போட்டார். எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

"பெரியப்பா" என்றாள் நித்யஸ்ரீ.

அறையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"உங்க போன்ல இருக்கற படத்துல என்ன சேர்மம்னு தெரியுங்களா?"

"என்ன சாமி?"

"கார்பன் டை ஆக்சைடுங்க பெரியப்பா. டைன்னா ரெண்டுங்க. பேர்லயே ரெண்டு ஆக்சிஜன் இருக்குது. இக்கட்டால சாஜித். அக்கட்டால இன்னொரு ஆக்சிஜன் நின்னுது. அதுவும் ஃபஹீமா கைய ரெண்டையும் புடிச்சுட்டுத்தான் நின்னுது. தூண் மறச்சுருச்சு. அதோட கைய எப்ப ஒடைக்கப் போறீங்க?"

"நித்யா" என்றார் தேஜா.

"யாருன்னு கேளுங்க பெரியப்பா. தாளாளர் தாத்தாவையே கேளுங்க. அவுங்க பேரன் யஷ்வந்த்."

தாளாளரின் நாற்காலி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது, நின்றது. தலைமையாசிரியர் தன் செருப்பைப் பார்த்தார்.

"எங்க யஷ்வந்தா?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க சார்" என்றார் தேஜா. "ரெண்டாவது ஆக்சிஜன் அவன்தான்."

தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாடத்துக்கு நின்னிருப்பான். அதுல என்ன இருக்குது?"

"எம் பையனும் பாடத்துக்குத்தானுங்க நின்னான்" என்றார் உமர் பாரூக். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

மச்சாண்டார் எழுந்ததில் அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "சுண்டக்காயாட்டம் இருந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறயா?" மேசைமேல் இருந்த எவர்சில்வர் தண்ணீர்க் குடுவையை எடுத்து என் மகளின் முகத்தைப் பார்த்து வீசினார். தேஜா குறுக்கே பாய்ந்தார். குடுவையின் விளிம்பு அவர் புருவத்தைப் பிளந்தது. தண்ணீரும் ரத்தமும் கலந்து சேலை முந்தானை வரை இறங்கியது. அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் மச்சாண்டார் நித்யஸ்ரீயின் சடையைப் பிடித்திருந்தார். பீரோவின்மேல் அவள் தலையை மோதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பீரோவின் மேலிருந்த பழைய வினாத்தாள் கட்டுகள் சரிந்து விழுந்தன. நிதீஷ் எழுந்து, குறுக்கே போன உமர் பாரூக்கைப் பெஞ்சோடு சேர்த்துத் தள்ளினான். சாஜித்தின் கட்டுப்போட்ட கை சுவரில் இடித்தது. சந்தில் அவன் போட்ட அதே சத்தம் மறுபடி கேட்டது.

என் கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட். அதைக்கொண்டு மச்சாண்டாரின் முழங்கையில் என்னால் ஆன மட்டும் ஓங்கி அடித்தேன். சடை நழுவியது. இரண்டாவதாகவும் அடித்தேன், அது தேவையில்லாதது, ஆனாலும் அடித்தேன்.

"புள்ள மேல இருந்து கைய எடுங்க" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம் அது.

முழங்கையைப் பிடித்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். "பாத்தியாடா, உன் பொண்டாட்டி பண்றத?"

என் கணவர் கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்த்திவிட்டு, அதில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பேரன் பெயர் வந்தபின் தாளாளருக்கு எல்லாவற்றையும் முடித்துவிட அவசரம். "ரெண்டு பக்கமும் அடிபட்டிருக்குது. டி.சி.யும் வேண்டாம், கேஸும் வேண்டாம். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க. டீச்சர், நீங்க காலேல பாத்ரூம்ல வழுக்கி உழுந்தீங்க, சரிங்களா?"

தேஜா கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டே அவரைப் பார்த்தார்.

மச்சாண்டாரும் நிதீஷும் தங்கள் பைக்கில் போனார்கள். வராந்தாவில் சாஜித் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவுக்கட்டால் குழாயின் திருகைத் தள்ளினான், அது திரும்பவில்லை. நித்யஸ்ரீ போய்த் திறந்துவிட்டாள். அவள் நெற்றியில் பீரோவின் கைப்பிடி பதிந்த தடம் வீங்கியிருந்தது.

"பாய், சனிக்கிழமைக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. ஆஸ்பத்திரிலயும் உழுந்துட்டான்னுதான் சொன்னேன். மண்டில ஷட்டர இறக்கிட்டாங்கங்கறான். பாத்தேன்னு சொல்றதுக்கு எங்களுக்கு யாருங்க இருக்கறா?"

"நான் பாத்தேனுங்க."

அவர் நம்பவில்லை. நம்பாததில் தவறும் இல்லை. மகனின் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார்.

காரில் ஏறியதும் தபால் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். என் கணவர் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே சாய்ந்த மேசை ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்டூல். உட்கார்ந்துகொண்டேன். போக்சோ புகாருக்காகக் கொண்டுவந்த அதே தாளில், பெறுநர் இடத்தில் கோயம்புத்தூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் என்று எழுதினேன். பிறகு எப்போதும்போல வரிசையாக. சந்து, கார், யார் எந்த இருக்கையில். நெஞ்சில் கால் வைத்தது யார், ஸ்பேனர் எடுத்தது யார், கல்லின்மேல் கையை அழுத்திப் பிடித்தது யார். கேட்ட கேள்வி, அவன் சொன்ன பதில். அடுத்த பக்கத்தில் தலைமையாசிரியர் அறை. பேப்பர்வெயிட்டால் நான் இரண்டு முறை அடித்ததையும் எழுதினேன். விட்டுவிட்டால் மற்றதையும் பொய் என்பார்கள். கார்பன் டை ஆக்சைடை முழுதாக வரைந்து, நான்கு பிள்ளைகளின் பெயரையும் அதனதன் இடத்தில் போட்டேன். நாளைக்குத் தேஜா டீச்சர் பயந்து மறுத்தாலும் நான் வரைந்த படத்தில் தப்பில்லை.

என் கணவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எம் பேரும் இருக்குதா?"

"இருக்குதுங்க. வண்டி ஓட்டுனது நீங்கன்னு."

"கதவு?"

"அதையும் எழுதிட்டனுங்க. தொறங்கன்னு நான் சொன்னத."

ஊட்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போனது. நித்யஸ்ரீ காருக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"அண்ணன் நம்மள ஊட்ல இருக்க உடமாட்டான், தெய்வா."

"தெரியுமுங்க."

"அந்த ஸ்பேனரு இன்னும் டிக்கிலதான் கெடக்குது" என்றார். "தொடைக்கல. அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். கவுண்டரில் பசை டப்பா காய்ந்துபோயிருந்தது. அவர் குழாயடிக்குப் போய் விரலில் தண்ணீர் எடுத்துவந்து ஓரத்தைக் கரைத்துக் கொடுத்தார். உறையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன்.

"ஸ்பீட் போஸ்டுங்களா?" என்றார் கவுண்டரில் இருந்த பெண். "அனுப்பறவங்க பேரு?"

"தெய்வாத்தாள்."

எடை போட்டு, சீட்டு ஒட்டி, என் கடிதத்தைப் பின்னால் திறந்திருந்த பைக்குள் போட்டார்.