ஒரு விரற்கடை கறுப்பு

"பெரியவன் தொண்டையில என்னமோ அடைச்சிருக்குடா" என்றாள் அம்மா போனில். "வந்து என்னன்னு பாரு."

அண்ணன் பெரியவன் இறந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அவள் சொன்னது அவன் குரலைப் பாடுகிற ரெக்கார்டு பிளேயரை. சின்னவனுக்குப் புரிந்தது. ஐம்பது வயதிலும் அவளுக்கு அவன் சின்னவன்தான். ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் லிப்ட் மெக்கானிக். அம்மா இருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டிடத்தில் லிப்ட் கிடையாது. கீழே கடை வைத்திருந்த தையல்காரர் அவன் தலையைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க தம்பி. ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேல ஏத்தி விடறீங்க. பெத்தவளை மட்டும் படியேற விட்டிருக்கீங்க."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணே?"

"இருக்கு. தலைக்கு மேல ரெண்டு வாரமா ஒரு பிசாசு உறுமுது. அதைக் கேட்டுக்கிட்டே காஜா எடுக்கிறேன்."

பிளேயர் ஜன்னலோரம் மேஜைமேல் இருந்தது. மூடி வைத்த பழைய மரப்பெட்டி. அப்பா வாங்கியது. இசைத்தட்டுகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. வீடு மாற மாற ஒவ்வொன்றாகப் போய், மிஞ்சியது ஒன்றுதான். அதுவும் கடையில் வாங்கியதல்ல. ஒரு பொருட்காட்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பாடினால், பாடியதை அப்போதே கறுப்புப் பூசிய தகரத் தட்டில் கோடுகளாக வெட்டிக் கொடுத்தார்கள். ஏழு வயதில் பெரியவன் முக்காலிமேல் ஏறி நின்று பாடினான். பன்னிரண்டு வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் என்று இருப்பது இது மட்டும்தான்.

போன வருடம் சின்னவன் அதைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தான். அந்தப் போன் ஒரு துணிக்கடையின் லிப்ட் குழியில் விழுந்து தண்ணீரோடு போனது. அம்மாவிடம் சொல்லவில்லை. இன்னொரு முறை பதிந்துகொண்டால் ஆயிற்று. தட்டு எங்கே போய்விடப் போகிறது.

"போடும்மா, கேக்கலாம்."

அம்மா தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். ஊசியை இறக்கினாள். முதலில் ஓர் உறுமல். அதற்குள் டொக் டொக் என்று ஓர் இடி. இரண்டுக்கும் மேலே தகரத்தில் மணலைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சொரசொரப்பு. அதற்கெல்லாம் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பையன் பாடுகிற மாதிரி இருந்தது.

பாதியில் அம்மா ஊசியைத் தூக்கிவிட்டாள். "போன மாசம்கூட இவ்வளவு இல்லடா."

அவன் பெட்டியைத் திறந்தான். உறுமல் எளிதில் அகப்பட்டது. எர்த் கம்பி பச்சை பூத்து விலகியிருந்தது. சுரண்டி முறுக்கினான். அம்மா அதே தட்டைப் போட்டுக் காட்டினாள். உறுமல் இல்லை. இடி இருந்தது. தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருந்தது. கழற்றி, உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து மாட்டினான். அம்மா மறுபடி அதே தட்டைப் போட்டாள். இடியும் நின்றது.

மணல் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் போன பிறகு அது இன்னும் நன்றாகக் கேட்டது.

எண்ணெய் விட்டான். ஒயர்களை ஆட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அம்மா ஊசியை இறக்கினாள்.

"எத்தனை தடவைம்மா இதையே போடுவே?"

"அவனை வச்சுத்தானே தெரியும், சரியாயிடுச்சா இல்லையான்னு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லிப்டில் சத்தம் என்று யாராவது கூப்பிட்டால் அவன் முதலில் செய்வது ஆளை இறக்கிவிட்டுக் காலியாக ஓட்டிப் பார்ப்பது. இங்கே அதைச் செய்யவில்லை. பெரியவனை ஏற்றியபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜன்னல் வழியாகக் குனிந்து குரல் கொடுத்தான். "அண்ணே, பழைய ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

தையல்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். உறையில்லாத தட்டு ஒன்றை நீட்டினார். "மாமனார் வீட்லேருந்து வந்ததுல உருப்படியானது இது ஒண்ணுதான். பாத்துப் போடுங்க."

"உங்க வீட்டுக்காரியும் அங்கேருந்துதானே வந்தா?" என்றாள் அம்மா.

"அதனாலதான் ஒண்ணுன்னு சொன்னேன்."

அம்மா சிரித்தாள். சின்னவன் தட்டைப் போட்டான். வயலின் தெளிவாக எழுந்தது. உறுமல் இல்லை, இடி இல்லை, மணல் இல்லை. அறை முழுக்க வயலின்.

"அட, சரி பண்ணிட்டீங்களே" என்றார் தையல்காரர்.

சின்னவன் ஊசியைத் தூக்கினான். பெரியவனின் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். விளிம்பிலிருந்து உள்ளே வரை சாம்பல் பூத்துக் கிடந்தது. கோடுகளின் கறுப்பு உரிந்து, சில இடங்களில் அடியிலிருந்த தகரம் தெரிந்தது. நடுவில், காகித லேபிளை ஒட்டி, ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் புதுக் கறுப்பு பளபளத்தது.

பிறகு ஊசி பொருத்திய தலையைப் பார்த்தான். அதில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. வந்ததும் பார்த்தான்தான். இந்த வீட்டில் மூக்குக்கண்ணாடிக் காலுக்கும் பிளாஸ்திரி, டீவி ரிமோட்டுக்கும் பிளாஸ்திரி. விரிசல் விட்டிருக்கும் என்று விட்டுவிட்டான். இப்போது உரித்தான். உள்ளே ஓர் இரும்பு நட்டு இருந்தது. பெரிய நட்டு. அவனுடைய பையில் இருக்கிற ரகம்.

"இது என்னம்மா?"

"நீ சொன்னதுதான். ஊசி குதிக்குதுன்னு போன் பண்ணேன். மேல கனமா ஏதாவது வைன்னு சொன்னே. கதவு சரி பண்ண வந்தப்ப அதை விட்டுட்டுப் போயிருந்தே. அதையே வச்சேன். அப்புறம் குதிக்கவே இல்லை."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். கீழே யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். எடை போதலைன்னா குதிக்கத்தான்மா செய்யும், எதையாவது மேல வை என்று சொல்லிப் போனை வைத்தான். லிப்டுக்குச் சொல்வதைச் சொன்னான்.

"தினமும் போடுவியா?"

"காலையில ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு. ஏன்?"

தையல்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு, "துணி வெட்டிப் போட்டது அப்படியே கிடக்கு" என்று இறங்கிப் போனார்.

சின்னவன் நட்டைக் கையில் வைத்திருந்தான்.

"மெஷின் நல்லா இருக்கும்மா. தட்டுதான் தேஞ்சுபோச்சு."

"தேஞ்சதை மாத்திடு."

"மாத்த முடியாது. ஊசி அழுந்தி அழுந்தி உழுதிருக்கு. அவன் பாடினது போயிடுச்சு. இந்த நட்டு உழுதது. நான் சொல்லி நீ வச்சது."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் தட்டை மட்டும் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம்கூட இல்லையா?"

"இதோ, நடுவுல புதுசு மாதிரி இருக்கு. இங்க மட்டும் ஊசி படவே இல்லை. ஏம்மா?"

"அதுக்குள்ள நான் தூக்கிடுவேன்."

"பாட்டு முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

"அப்புறம் என்ன இருக்கு?"

"அப்புறம் உங்கப்பா இருக்கார்."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"போடு" என்றாள் அம்மா.

பதியும்படி போனைத் தட்டிவிட்டு ஒலிபெருக்கியின் முன்னால் வைத்தான். நட்டில்லாத ஊசியைக் கறுப்பின் ஓரத்தில் இறக்கினான்.

ஒரு பொட்டுச் சத்தமில்லை. கூண்டுக்குள் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பிறகு அப்பா.

"மூணாவது வரி எங்கடா? நேத்து ராத்திரி பூரா சொல்லிக் கொடுத்தேனே. எங்க முழுங்கினே?"

ஓர் அறை விழுந்தது. முக்காலி உருண்டது. இன்னோர் அறை.

"வேணாம்ப்பா. பாடறேம்ப்பா. இன்னொரு தடவை சரியா பாடறேம்ப்பா."

அடுத்து ஓர் இளம் பெண்ணின் குரல். கூண்டுக்கு வெளியிலிருந்து, தாழ்ந்து வந்தது. "விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அது அம்மா என்று சின்னவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவள் குரல் அதற்குமேல் இல்லை. பிறகு பெரியவன் அழுவது மட்டும் இருந்தது. ஒவ்வொரு விக்கலும் தனித்தனியாக, சுத்தமாக. ஊசி நடுவில் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

சின்னவன் ஊசியைத் தூக்கினான். போனைப் பார்த்தான். முழுவதும் பதிந்திருந்தது.

"அழிச்சிடட்டுமாம்மா?"

"வேற எதுல இருக்கான் அவன்?"

அம்மா நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலைப்பால் தட்டைத் துடைத்தாள். நடுவில் மட்டும், கறுப்பு இருந்த இடத்தில்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள். "திரும்ப வை."