புறமுதுகு

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆலயத்தில் ஆரம்பித்த ஒத்திகை பாதியில் நின்றுபோனது.

காரணம் மாப்பிள்ளை. பீடத்துக்கு முன்னால் மணமக்கள் நிற்க வேண்டிய இடத்தைப் போதகர் காட்டினார். மூன்று தடவை அங்கே போய் நின்றான். மூன்று தடவையும் திரும்பி வாசலைப் பார்த்தான். நான்காவது தடவை வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ராணுவத்தை விட்டு வந்து ஆறு வருஷம். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சின் ஓரம்தான் அவன் இடம். முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு வாசல். வருகிறவர்களையெல்லாம் அளந்து பார்ப்பதால் பாடகர் குழுவினர் அவனுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் பாடுகிறவள், பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறவள், ஒரு ஞாயிறு தாமதமாக வந்து, "லைசென்ஸ் காட்டணுமா சார்?" என்று அவனிடம் கேட்டாள். காதல் அங்கே ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை சிப்பாய் இல்லையா! புறமுதுகு காட்ட மாட்டாரு," என்றார் அவளுடைய அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை முதல் பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியல. சனிக்கிழமை இருநூறு பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வச்சிடுவேன். இப்பவே நிறுத்திடலாம்."

"எதை? ஒத்திகையையா, கல்யாணத்தையா?" என்று கேட்டாள் மணப்பெண்.

அவன் தரையைப் பார்த்தான். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் முதுகுக்குப் பின்னாடி தினம் இருபத்தெட்டு வானரங்க உக்காந்திருக்கு. நேத்து ஒருத்தன் என் காலருக்குள்ள ரப்பர் பல்லியைப் போட்டான். முதுகுக் கஷ்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ராணுவத்துல கடைசி நாள் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"முகாம் வாசல்ல காவல் நின்னேன். பின்னாடி இருந்து என் கூட்டாளி கூப்பிட்டான். திரும்பினேன், ஒரே நொடி. அதுக்குள்ள ஒரு வண்டி உள்ள வந்து வெடிச்சிருச்சு. எனக்குத் தோள் எலும்பு முறிஞ்சதோட போச்சு. அவன் போயிட்டான்."

"அப்புறம்?"

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க."

"டியூட்டியை யார்கிட்ட ஒப்படைச்சீங்க?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

"நான் வேனை விட்டு இறங்கினா, அடுத்த டிரைவர்கிட்ட சாவியைக் குடுத்து, பிரேக் கொஞ்சம் இழுக்குதுன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல," என்றான் மெதுவாக.

"அப்ப ஆறு வருஷமா ஒரே ஷிப்ட். எங்க யூனியனுக்குத் தெரிஞ்சா கேஸே போட்டுடுவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"உங்க ராணுவத்துல எப்படி ஒப்படைப்பீங்க?"

"வர்றவன் பக்கத்துல நிக்கணும். போறவன், பார்த்ததையெல்லாம் சொல்லணும். கடைசியா, 'காவல் உன் பொறுப்பு'ன்னு சொல்லணும்."

அவள் எழுந்து வாசலைப் பார்த்து விறைப்பாக நின்றாள். "சொல்லுங்க."

அவனும் எழுந்தான். "பெரிய கதவு ஒண்ணு. பக்கக் கதவு ரெண்டு, அதுல இடது பக்கத் தாழ்ப்பாள் ஆடுது. பாடகர் மாடிப்படி ஏழாவது படி கிரீச்சுங்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். நாலாவது ஜன்னல்ல புறா வந்து அடிச்சுக்கும்." செருமிக்கொண்டான். "காவல் உன் பொறுப்பு."

"வாங்கிக்கிட்டேன்."

போதகர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். தாழ்ப்பாள் ஆடுதா? கமிட்டில ஒருத்தரும் சொல்லவேயில்லையே!" பிறகு குரலைத் தணித்து, "தம்பி, மேல ஒருத்தர் ஷிப்டே இல்லாம எல்லாரையும் பார்த்துக்கிட்டிருக்காரு. ஆனா பக்கத்துல ஒரு மனுஷி கண்ணும் வேணும்தான்," என்றார்.

சனிக்கிழமை மணமகள் பாதி திரும்பி, வாசலைப் பார்த்து நின்றாள். "மேடம், முகம் பீடத்துப் பக்கம்!" என்று கெஞ்சிக் கெஞ்சிப் போட்டோக்காரர் ஓய்ந்துபோனார்.

"இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று போதகர் கேட்ட அதே நேரம், பின்னால் 'தடால்' என்று சத்தம். மாப்பிள்ளையின் தோள்கள் விறைத்தன. கை முஷ்டியானது. ஆனால் தலை திரும்பவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"பெரியப்பா," என்றாள் மணமகள்.

ஆலயம் திகைத்தது.

"நம்ம பெரியப்பாதான். லேட்டா வந்து, குடையையும் கீழ போட்டுட்டாரு," என்று அவனிடம் சொல்லிவிட்டு, போதகர் பக்கம் ஒரு கணம் திரும்பினாள். "ஏற்றுக்கொள்கிறேன் ஐயா."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. பெரியப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளையின் முஷ்டி எப்போது தளர்ந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. தன் முறை வந்ததும், அந்தப் பாடகர் மாடி வரைக்கும் கேட்கும்படி, "ஏற்றுக்கொள்கிறேன்!" என்றான்.

"ஜெபிப்போம்," என்றார் போதகர். எல்லோரும் கண்களை மூடினார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவனும் மூடினான்.

மணமகள் மட்டும் மூடவில்லை. அவள் டியூட்டியில் இருந்தாள்.