இரண்டு முறை வெட்டிய ரிப்பன்

தையல் ஆலையில் ஒன்பது வருடமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்குக் காஜாக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. சட்டைக்குப் பித்தான் துளை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாய்த்துடுக்கிலும்தான். பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள் அவளுடைய நாத்தனார், ஏழு மாதக் கர்ப்பிணி.

ஆலையில் நூற்று நாற்பது பெண்களுக்கு இரண்டே கழிப்பறைகள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்று அடைத்துக்கொண்டதால், வாசல்வரை தேங்கி நின்ற தண்ணீரில் செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டிப் போக வேண்டும். வெளியே வந்தால் அந்த நாற்றம் சேலையோடு மெஷின்வரை வரும். அதற்குப் பயந்தே பெண்கள் பொழுதெல்லாம் அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். அப்படி அடக்கி அடக்கித்தான் நாத்தனார் போன மாதம் நீர்க்கடுப்பில் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தாள்.

இத்தனைக்கும் பின்கட்டில் எட்டுப் புதுக் கழிப்பறைகள் கட்டி முடித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, கதவில் பூட்டு தொங்கியது. வெளிநாடு போயிருக்கும் முதலாளிதான் வந்து திறக்க வேண்டுமாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

முதலாளி வருகிற நாளும் வந்தது. பூட்டைக் கழற்றிவிட்டு வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தரையில் கம்பளம், இரண்டு பக்கமும் பூந்தொட்டி, ஒரு மைக். கத்தரிக்கோல் வைத்த தட்டைக் காஜாக்காவின் கையில் திணித்தார் சூப்பர்வைசர்.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? இன்னிக்கு நமக்கெல்லாம் கொண்டாட்டம். கொஞ்சம் சிரிங்க."

"கொண்டாட்டம்னா யாரும் சொல்லாமயே சிரிப்பு வரும் சார். இது வெறும் சடங்கு. தட்டைப் பிடிக்கச் சொன்னீங்க, பிடிச்சிருக்கேன்."

முதலாளி பேச ஆரம்பித்தார். பெண்மையைப் பேசினார், கண்ணியத்தைப் பேசினார், தன் தாயாரைப் பேசினார். பழைய கழிப்பறைப் பக்கமிருந்து காற்று அடித்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாற்றம் காஜாக்காவுக்குப் பழகியதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டே கண்ணியம் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னாலிருந்து நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்தாள். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது.

"அண்ணி, என்னால முடியல."

"இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கு."

"அரை மணியா அதைத்தான் பண்றேன் அண்ணி. இங்கயே போயிடும் போல இருக்கு."

காஜாக்கா முதலாளியைப் பார்த்தாள். அவர் கையில் படிக்க வேண்டிய தாள் இன்னும் மூன்று இருந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள், ரிப்பனை வெட்டினாள். "போ" என்றாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்தியது கேட்டது. முதலாளியின் பேச்சு நின்றுவிட்ட அமைதியில், அதன்பிறகு நடந்ததும் எல்லோருக்கும் கேட்டது. வெகுநேரம் கேட்டது. கூட்டத்தில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷன் என்று காஜாக்கா நினைத்திருப்பாள். அவர் போட்டோகிராபரிடம் திரும்பி, "வெட்டறது எடுக்கலையே?" என்று மட்டும் கேட்டார்.

சூப்பர்வைசர் ஓடிவந்து அறுந்த இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டார். முடிச்சு படத்தில் தெரியாமல் இருக்க அதன்மேல் ஒரு பூவைச் செருகினார். உள்ளேயிருந்து வெளியே வந்த நாத்தனாரைப் பிடித்து, முதலாளிக்குப் பக்கத்தில், வயிறு தெரியும்படி சாய்த்து நிறுத்தினார்கள். முதலாளி அவள் தலைமேல் கை வைத்தார். இன்னொரு கையால் ரிப்பனை வெட்டினார்.

"கை தட்டுங்க" என்றார் சூப்பர்வைசர், காஜாக்காவையே பார்த்துக்கொண்டு. "நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

வீட்டில் படிக்கிற இரண்டு பெண்களும் முதுகுவலிக்காரக் கணவனும் அவள் கண்முன் வந்து போனார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். நூற்று நாற்பது பேரும் தட்டினார்கள். முதலாளி ஒரு குழாயைத் திறந்து, விரல் நுனியை நனைத்து, கேமராவுக்குக் காட்டிவிட்டு காரில் ஏறினார்.

கார் வாசலைத் தாண்டியதும் கம்பளத்தைச் சுருட்டினார்கள். சூப்பர்வைசர் பூட்டோடு வந்து, வெள்ளிக்கிழமை ஆலையைச் சோதிக்க வரும் ஆய்வாளர்கள் பார்க்கும்வரை அழுக்காக்கக் கூடாது என்றார். அதைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. ஒருத்தி நுழைந்தாள், அவள் பின்னால் பத்துப் பேர், அப்புறம் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு ஒரு திருவிழாக் கூட்டமே நுழைந்தது. எட்டுக் கதவுகளும் படபடவென்று அடித்தன. "இங்க தாழ்ப்பாள் விழுதுடி" என்று ஒருத்தி உள்ளேயிருந்து சொல்ல, வரிசையே சிரித்தது. அயர்ன் போடும் கிழவி முழங்கால்வரை குழாயில் நனைத்துக்கொண்டு பாட்டு எடுத்தாள். மேலே தண்ணீர் தெறித்ததற்கு யாரும் சண்டைக்குப் போகவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசர் கடைசியில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

காஜாக்கா மட்டும் கடைசிக் குழாய்த் தொட்டியருகே நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். அலசிவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"ஏன் அண்ணி இப்படி உரசறீங்க, தோலே வந்துடும். எதைத் தொட்டீங்க?" என்றாள் நாத்தனார், ஈர முகத்தோடு.

"எதையும் தொடல" என்றாள் அவள். "கை தட்டினேன்."