எமில் ஸ்ட்ராக்கின் அட்டை

டாக்டர் ஹார்கிரேவ் தன் பேஸ்பால் அட்டையை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டும். எங்கள் சங்கத்தின் எழுதாத சட்டம் அது. தும்மல் வருகிறவர் வெளியே போய்த் தும்மிவிட்டு வரலாம். டாக்டர் காலமெல்லாம் பல் பிடுங்கியவர். ஓய்வுபெற்ற பிறகும் அதே பூதக்கண்ணாடி, அதே கையுறை, அதே 'கொஞ்சம் தலையை நகர்த்துங்க'. வாய்க்குப் பதில் அட்டை வந்ததுதான் வித்தியாசம்.

சிகரெட் நசுங்காமல் இருக்க அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் பெட்டிக்குள் செருகிய அட்டை. முன்னால் ஓர் ஆட்டக்காரரின் முகம், கீழே பேர், பின்னால் சிகரெட் விளம்பரம். அப்பன் புகைத்துவிட்டுப் பெட்டியை எறிந்தான், மகன் அட்டையைப் பொறுக்கிக்கொண்டான், அம்மா குப்பையோடு சேர்த்து அதை அடுப்பில் போட்டாள். அவள் கைக்குத் தப்பிய மிச்சத்தை நம்பித்தான் எங்களுக்குச் சங்கம், தலைவர், ஆண்டு விருந்து எல்லாம். தலைவர் டாக்டரேதான். அவரிடம் இருந்தது எமில் ஸ்ட்ராக்கின் அட்டை. 1911இல் அரைப் பருவம் ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஆள். அவர் போனதும் அட்டை அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் கிடைத்தற்கரியது. டாக்டர் அதைத் தானே வரைந்ததைப் போல நடந்துகொள்வார்.

நான் அட்டைக்காரன் இல்லை. பழைய விளம்பரத் தகரங்கள் சேர்க்கிறவன். சோப்பு, மெல்லும் புகையிலை, இருமல் மருந்து. அட்டைக்காரர்களுக்கு நாங்கள் ஒரு படி கீழ்ச்சாதி. வாசலை ஒட்டிய குளிரடிக்கும் மேசைதான் எங்களுக்கு.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர்ப் படைவீரர் மன்றத்தில் சந்தை. வாசலோர மேசை என்பதால் அந்த அம்மாள் முதலில் என்னிடம்தான் வந்தாள். எழுபதை நெருங்குகிற வயது, நீலக் கோட்டு, பஸ்ஸில் வந்த களைப்பு.

"ஸ்ட்ராக் படம் வெச்சிருக்கிறவரு யாருங்க?"

"வாங்கவா, விக்கவா?"

"பாக்க. அவரு எங்கப்பா."

பேர் வெர்னா என்றாள். 1937 வெள்ளத்தில் வீட்டிலிருந்த படங்கள் மொத்தமும் ஆற்றோடு போய்விட்டன. அதற்குப் பிறகு அப்பாவை யாரும் படம் எடுக்கவில்லை. அவள் கல்யாணத்தில் எடுத்த ஒன்றே ஒன்றில் அவர் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்.

"பின்னந்தலை ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு" என்றாள். "போய்ச் சேர்ந்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு. முன்னெல்லாம் நெனச்ச உடனே முகம் வரும். இப்ப தேட வேண்டியிருக்குங்க. ஒருநாள் தேடியும் வராமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். வழியில் லெஸ்டரின் மேசை. மூலை தேய்ந்து, முதுகில் பசை ஒட்டிய அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் குவித்து விற்கிறவன்.

"என்னப்பா தகரம், கடையை விட்டுட்டு ஊர்வலம் கிளம்பிட்டே?"

"வாயை மூடிட்டு வா. ஸ்ட்ராக்கோட பொண்ணு."

லெஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

டாக்டர் அவளை உட்காரச் சொல்லவில்லை. முதலில் அட்டையின் வரலாறு, அடுத்து அதை அவர் வாங்கிய வரலாறு, அதன்பின் வாங்க முடியாமல் போனவர்களின் வரலாறு. அவள் பொறுமையாக நின்று கேட்டாள். ஒருவழியாகக் கையுறை மாட்டி, அசல் என்று சான்று கொடுத்து மூடி முத்திரையிட்ட தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்த அட்டையை வெல்வெட் துணிமேல் வைத்தார். நாங்கள் கோப்பைகளைக் கீழே வைத்தோம்.

அவள் குனிந்தாள். மூச்சு விடுகிற நேரம்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"இது எங்கப்பா இல்லை."

பல் வலிக்கவே இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல டாக்டர் சிரித்தார். "மேடம், பேரு கீழேயே போட்டிருக்கு பாருங்க."

"பேரு அவரோடதுதான். மூஞ்சி வேற யாரோடதோ."

"நீங்க பொறக்கறதுக்கு முன்னால எடுத்த படம். இளவயசுல ஆளு வேற மாதிரி இருப்பாங்க. அதுலயும் இது வர்ணம் பூசி அச்சடிச்சது."

"கடைசி ரெண்டு வருஷம் பக்கவாதத்துல கிடந்தாரு டாக்டர். தினமும் நான்தான் ஷேவ் பண்ணிவிட்டேன். தாடை நடுவுல ஆழமா ஒரு குழி. கத்தி அதுக்குள்ள இறங்காது. விரலால தோலை இழுத்துப் பிடிக்கணும். கண்ணுக்கு மறந்தாலும் கைக்கு மறக்கலை. இந்த ஆளுக்குக் குழியே கிடையாது."

கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். போகத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது.

எங்கள் உலகத்தின் வழக்கம் ஒன்று இருக்கிறது. சரியாக அச்சான அட்டையைவிடத் தப்பாக அச்சானதற்குத்தான் மதிப்பு அதிகம். டாக்டருக்கு அது உறைத்த கணத்தை நான் பார்த்தேன். காது சிவந்தது.

"பிழை அட்டை" என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "பேரு ஒருத்தர், முகம் ஒருத்தர். இத்தனை வருஷமா யாருக்கும் தெரியலை. மேடம், டிசம்பர்ல எங்க ஆண்டு விருந்து. நீங்க வந்து இதே வார்த்தையைச் சொல்லணும். உங்களைத் தவிர சொல்றதுக்கு ஆளே இல்ல."

"அப்ப எங்கப்பா எங்கே?" என்றாள் வெர்னா.

அது யாருக்கும் தோன்றாத கேள்வி. லெஸ்டர்தான் தாடையைச் சொறிந்தான். "அந்த வருஷம் டீம்ல புதுசா சேந்தது ரெண்டு பேரு. ஸ்ட்ராக், கெரிகன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல படம் எடுத்திருப்பான். அச்சுக்கூடத்துல பேரை மாத்திக் கோத்திருந்தா?"

"உளறாதே லெஸ்டர்" என்றார் டாக்டர், தேவைக்கு மேல் வேகமாக.

லெஸ்டர் அதற்குள் தன் மேசைக்குப் போய்ப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். கெரிகன் அட்டை சீந்துவாரற்றது. சைக்கிள் சக்கரத்தில் படபடவென்று சத்தம் வரட்டும் என்று பிள்ளைகள் செருகிய ரகம். மூலை உருண்டு, குறுக்கே மடிப்பு விழுந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் உறையிலிருந்து அதை உருவி வெறும் கையில் பிடித்தாள். பழக்கதோஷம், எங்களில் இரண்டு பேர் பதறினார்கள். அவள் கட்டைவிரல் அட்டையிலிருந்த தாடைமேல் போய் நின்றது.

பக்கத்து மேசையில் பேரம் பேசியவர்களும் அதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு சின்னப் பையனா இருக்காரு" என்றாள். "எம் பேரனைவிடச் சின்னவரு."

"வெச்சுக்கங்கம்மா" என்றான் லெஸ்டர்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று எனக்குத் தெரியும். நானும் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப அந்தக் கல்லு, டாக்டர்?"

"எந்தக் கல்லு?" என்றாள் வெர்னா.

நான்தான் சொன்னேன். கெரிகன் 1918 விஷக் காய்ச்சலில் செத்தவர். நாதியில்லாதவர் என்று ஊர்ச் செலவில் புதைத்தார்கள், அடையாளம்கூட வைக்கவில்லை. கல்லறைக் கல் இல்லாத ஆட்டக்காரர்களுக்குக் கல் நடுவது எங்களைப் போன்ற சங்கங்களின் புண்ணிய காரியம். போன மே மாதம் கெரிகனுக்கு நட்டோம். பாண்டு வாத்தியம், மேயர், கல்லின் நடுவே பீங்கான் தகட்டில் சுட்டுப் பதித்த அவர் முகம். கெரிகன் அட்டையைப் பார்த்துச் செய்தது. 'முகமற்றுக் கிடந்த மனிதருக்கு இன்று நாம் முகம் தந்திருக்கிறோம்' என்று டாக்டர் முழங்கியதில் மேயரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயிலாகவும் இருந்திருக்கலாம்.

"நான் அதைப் பாக்கணும்" என்றாள் வெர்னா.

டாக்டரின் காரிலேயே போனோம். கல்லறைத் தோட்டத்தின் பின்கோடியில், மேப்பிள் இலைகள் மூடிக் கிடந்தது கெரிகனின் இடம். அவள் இலைகளைக் காலால் ஒதுக்கி, கல்லுக்கு நேரே நின்றாள். கெரிகன் என்ற பேருக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில், அவள் அப்பா.

"தேடிப் பாத்தோம், இவருக்குன்னு ஒரு சொந்தமும் இல்ல மேடம்" என்றார் டாக்டர். "யாருக்கும் தெரியப் போறதில்ல. உங்கப்பாவுக்கும் இது ஒரு கௌரவம்தானே. அப்படியே விட்டுடலாமே."

"எங்கப்பாவுக்கு எங்க ஊரு மேட்டுல சொந்தக் கல்லு இருக்கு. இது இந்த மனுஷனோட இடம்."

"பேப்பர்ல வந்தா சங்கத்துக்கே அசிங்கம்."

"ஊரு நம்மளப் பாத்துச் சிரிக்கிறது இன்னிக்கு நேத்தா?" என்றேன்.

"நீ சும்மா இரு, தகரம்."

வெர்னா அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "ஒரு முகம் இல்லாம நான் எவ்வளவு அலைஞ்சேன்னு எனக்குத் தெரியும். இவருக்காக அலைய ஆளு இல்லைங்கறதுக்காக இன்னொருத்தர் மூஞ்சியை ஒட்டிட்டுப் போயிடலாமா? விருந்துக்கு வர்றேன் டாக்டர். நீங்க கேட்டதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி இவரு மூஞ்சி இவருக்கு வந்து சேரணும்."

கெரிகனின் முகம் டாக்டரின் அட்டையில்தான் இருந்தது. தகடு சுடுகிறவர் கிளீவ்லாந்தில் இருக்கிறார். நகலிலிருந்து நகல் எடுத்தால் முகம் கலங்கிவிடும், அசல்தான் வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்கை உடைத்து வெளியே எடுத்து, என்பார். இது டாக்டருக்கும் தெரியும். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோதுகூட அந்த அட்டையைக் கூட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர் அவர். இப்போதும் அதே பையின்மேல் கையை வைத்தபடி நின்றார். மேப்பிள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"தபால்ல அனுப்ப மாட்டேன்" என்றார் கடைசியில். "நானே எடுத்துட்டுப் போறேன்."

நவம்பர் பாதியில் தகடு வந்தது. பாண்டு இல்லை, மேயர் இல்லை. கல்தச்சரையும் சேர்த்து ஐந்து பேர். தச்சர் உளியால் பழைய தகட்டை நோகாமல் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றி வெர்னாவிடம் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புதுத் தகடு பதிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் கோட்டுப்பையில் சொற்பொழிவு எழுதி மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது. லெஸ்டர் என்னை முழங்கையால் இடித்தான். டாக்டர் தொண்டையைக் கனைத்தார், தொப்பியைக் கழற்றினார். காகிதத்தை எடுக்கவில்லை.

புதுத் தகட்டில், காதுகள் சற்று விடைத்த, எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொள்கிற இளைஞன். கன்னத்தில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது. வெர்னா குனிந்து, கையுறை விரலால் அதைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல முகம்" என்றாள். "அன்னிக்கு நான் இவரைச் சரியாவே பாக்கலை."