பிள்ளை விட்டுப்போன வீடு

தம்பி வெந்நீர்ப் பாத்திரத்தைக் கட்டிலருகே இறக்கி வைத்தான். அப்பாவின் சட்டையைக் கழற்றியாயிற்று. இடது காலில் வெள்ளைக் கட்டு மட்டும் மிச்சம்.

"கட்டு அப்படியே இருக்கட்டும்க்கா. நாளைக்குத்தானே பிரிக்கணும்னாங்க."

"அவருக்கு இனிமே ஏதுடா நாளைக்கு?"

"புண்ணு ஆறாம இருந்தா? அதையும் பாத்துட்டுத்தான் அனுப்பணுமா?"

அவள் கட்டின்மேல் கையை வைத்தாள்.

முடிவெட்டும் நாற்காலிக்குப் பின்னால் நின்று நின்றே நரம்பு புடைத்த கால் அது. அவள் கல்யாணத்துக்கு முன்பு கணுக்காலுக்கு மேல் வந்த புண், அவள் மகள் பள்ளிக்கூடம் போன பிறகும் ஆறவில்லை. அப்பா பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டு கடையில் நிற்பார். சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் மரியாதைக்கு மூக்கை மூடாமல் மூச்சை அடக்குவார்கள். கத்தி பிடித்த கைக்கு அது தெரியாதா?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இடுக்கியால் எடுத்தது வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

"பனிக்குடத்துச் சவ்வுய்யா. வயித்துல பிள்ளையைச் சுத்தி இருக்குமே, அது. பெத்தவங்க மனசு வச்சுக் குடுத்தது. சோதிச்சு, சுத்தம் பண்ணி, உலர்த்தி வச்சிருக்கோம்."

பனிக்குடம் உடைந்தது என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் உடைந்துதான் மகள் வந்தாள். உடைந்ததற்குப் பிறகும் ஒரு வேலை இருக்கும் என்று யார் கண்டது?

அப்பா சிரித்தார். "யாரு பெத்த புள்ளையோ, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கு. நான் குடியேறிக்கறேன். வாடகை மட்டும் கேக்க வேணாம்னு சொல்லு."

வாராவாரம் அதை ஒட்ட ஒட்ட, புண் ஓரத்திலிருந்து சுருங்கி வந்தது. கடைசியில் வெள்ளரி விதையளவு பாக்கி. மூடியதும் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டுதான் கடையில் நிற்பேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒருநாளும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மத்ததெல்லாம் நீ கழுவு. கால் எனக்கு," என்றாள்.

சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசித் துணி எங்கும் ஒட்டாமல், இழுக்காமலே கழன்று விழுந்தது.

தம்பி குனிந்து பார்த்தான். "எங்கக்கா புண்ணு?"

கறுத்து வற்றிய காலில் அந்தக் கையகல இடம் மட்டும் வெளுத்து, மினுமினுவென்று, ஒரு முடியில்லாமல் இருந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பில் போன வாரம் பிறந்த தோல்.

தம்பி மெதுவாகக் குவளையில் வெந்நீரை மொண்டான். "ஊத்தட்டுமாக்கா?"

"இரு."

வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, மகளைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டும்போது செய்ததுபோல முழங்கையைத் தண்ணீரில் நனைத்துச் சூடு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணி விளாவு," என்றாள்.